மதர்போர்டு மாற்றியதும் பிட்லாக்கர் கீ கேட்கிறது: பூட் டிஸ்க் போட்டு ஃபைல்களை எடுக்க வழி உண்டா?

மாம்பலம்_கணக்கர்:

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் சின்ன ஆடிட் அலுவலகம் வைத்திருக்கிறேன். போன வாரம் மழை பெய்த இரவில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. லேப்டாப் சார்ஜில் இருந்தது, விண்டோஸ் அப்டேட் வேறு ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தால் உயிரே இல்லை. வாரன்டி இருந்ததால் சர்வீஸ் சென்டரில் மதர்போர்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஆன் செய்தால் நீலத் திரை வந்து பிட்லாக்கர் ரெகவரி கீ என்று 48 இலக்க எண் கேட்கிறது. பிட்லாக்கர் என்பது விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதியாம், நான் அப்படி எதுவும் போட்டதே இல்லை. இருப்பது விண்டோஸ் 11 ஹோம்.

சர்வீஸ் சென்டரில் கேட்டால், "டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பில்லை சார், வேண்டுமானால் ஃபார்மட் செய்து தருகிறோம்" என்கிறார்கள். லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸ் இல்லாமலே மெஷினை எழுப்பும் பூட் பென்டிரைவ் ஒன்றை நண்பர் ஒருவர் கொடுத்தார். பூட் ஆகிறது, ஆனால் எக்ஸ் டிரைவ் என்று ஒன்றும் பென்டிரைவும்தான் தெரிகின்றன. உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்க்கைக் காணோம். ரிச்சி தெருவில் ஒரு கடையில் "லாக்கை உடைத்துத் தருகிறோம்" என்று சொல்லி முன்பணம் கேட்டார்கள்.

டேலி சாஃப்ட்வேரில் போட்ட கணக்குகள், கிளையன்ட் பேப்பர்கள் எல்லாம் அதில்தான். பேக்கப் எடுத்து டி டிரைவில் வைத்திருந்தேன், அதுவும் அதே எஸ்எஸ்டி. செப்டம்பர் 30-க்குள் டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டுகளை ஏற்ற வேண்டும். என்ன செய்யலாம்?

நீலத்திரை:

முதலில் ஃபார்மட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சாதாரண டிஸ்க்கில் ஃபார்மட் செய்துவிட்டால்கூட ரெகவரி சாஃப்ட்வேர் வைத்துத் தோண்டிப் பார்க்கலாம். பிட்லாக்கர் டிஸ்க்கில் அது நடக்காது. விண்டோஸில் ஃபார்மட் கொடுத்தால் சாவி விவரங்கள் இருக்கும் இடத்தையும் சேர்த்து அழித்துவிடும். அதற்குப் பிறகு கீ கிடைத்தும் பயனில்லை.

நீங்கள் போடவில்லை என்பது சரிதான், விண்டோஸ் தானே போட்டுக்கொண்டது. ஹோம் பதிப்பில் அதற்கு டிவைஸ் என்க்ரிப்ஷன் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் சத்தமில்லாமல் பூட்டு விழுந்துவிடும். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பில் இதற்கான நிபந்தனைகளைத் தளர்த்திவிட்டார்கள், அதனால் இப்போது புது லேப்டாப்புகளில் பாதிப் பேருக்குத் தெரியாமலே இது ஓடுகிறது. சி மட்டுமில்லை, டி டிரைவும் சேர்ந்தே பூட்டப்பட்டிருக்கும்.

தினமும் கீ கேட்காததற்குக் காரணம் டிபிஎம். மதர்போர்டிலோ பிராசசருக்குள்ளோ இருக்கும் அந்தப் பகுதி, பூட் ஆகும்போது எல்லாம் பழையபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியைத் தானே கொடுக்கும். உங்கள் போர்டு போனதோடு அந்த டிபிஎம்மும் போய்விட்டது. புது போர்டுக்கு உங்கள் எஸ்எஸ்டி யாரென்றே தெரியாது.

அதனால் பூட் டிஸ்க் பற்றிய கேள்வி இரண்டாவது. பூட் டிஸ்க் என்பது வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடும் ஆட்டோ, கதவைத் திறப்பது அவன் வேலை இல்லை. நீலத் திரையில் ரெகவரி கீ ஐடி என்று ஒன்று இருக்கும், அதன் முதல் 8 எழுத்துகளை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் போனிலேயே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், டிவைஸ் பக்கத்தில் ரெகவரி கீ பட்டியலைப் பாருங்கள். ஐடி பொருந்தும் வரிசையில் இருப்பதுதான் உங்கள் கீ.

சிந்தாதிரி_சோல்டரிங்:

நான் போர்டு வேலை பார்க்கிறவன், ரிச்சி தெருப் பக்கம்தான். ஒன்று கேட்கிறேன் சார், பழைய மதர்போர்டு எங்கே?

வாரன்டியில் மாற்றினால் அதை எடுத்து வைத்துக்கொள்வார்கள், திருப்பித் தர மாட்டார்கள். காசு கொடுத்து மாற்றுகிறவர்கள் பழைய போர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மின்சாரம் ஏறி இறங்கிச் செத்த போர்டுகளில் நிறைய கேஸ் சார்ஜிங் ஐசி, இல்லை பவர் லைனில் ஒரு கெபாசிட்டர் ஷார்ட். மாற்றிவிட்டால் போர்டு எழுந்துவிடும். அதே போர்டு, அதே டிபிஎம், கீ இல்லாமலே விண்டோஸ் திறக்கும். ஒரு தடவை திறந்தால் போதும், டேட்டாவை வெளியே எடுத்துவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக் கடாசலாம். சர்வீஸ் சென்டரில் இன்னும் அந்தப் போர்டு கிடக்கிறதா என்று இன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.

உடைத்துத் தருகிறேன் என்று சொன்னவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். உள்ளே ஓடுவது ஏஇஎஸ் என்ற என்க்ரிப்ஷன் முறை. கீ இல்லாமல் அதை உடைக்கிற மெஷின் ரிச்சி தெருவிலும் இல்லை, நரசிங்கபுரம் தெருவிலும் இல்லை. சில கடைகளில் "உடைத்தது" போலத் தெரிவதற்கு வேறு காரணம் உண்டு. என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கும், ஆனால் யாரும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருக்க மாட்டார்கள். அப்போது சாவி டிஸ்க்கிலேயே பூட்டாமல் கிடக்கும். வேறு விண்டோஸ் மெஷினில் மாட்டினாலே திறந்துகொள்ளும். அதற்கும் ஆயிரக்கணக்கில் பில் போடுகிறவர்கள் உண்டு. உங்களுக்குக் கீ கேட்கிறது என்பதால் அது உங்கள் கேஸ் இல்லை.

மாம்பலம்_கணக்கர்:

இருவருக்கும் நன்றி. சர்வீஸ் சென்டரில் போர்டை ஏற்கெனவே அனுப்பிவிட்டார்களாம். என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்தேன், பழைய லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது, கீ எதுவும் இல்லை. கணக்கே வேண்டாம் என்று லோக்கல் யூசராகத்தான் இதைப் பயன்படுத்துகிறேன்.

நீலத்திரை:

> லோக்கல் யூசராகத்தான் இதைப் பயன்படுத்துகிறேன்

நீங்கள் சரி, லேப்டாப்பை முதல்முதலில் திறந்து செட்டப் செய்தது யார்? எந்த அட்மின் முதலில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தாரோ, கீ அவர் கணக்குக்குத்தான் போகும். பிறகு லோக்கல் யூசரைச் சேர்த்து, அந்தக் கணக்கை நீக்கியிருந்தாலும் கீ அங்கேயே இருக்கும். கடைக்காரரே தன் மெயில் ஐடியைப் போட்டுக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் லேப்டாப்பைப் பிரித்துத் தயார் செய்வது வீட்டில் இருக்கும் இளைய பையனோ பெண்ணோதானே. அவர்களைக் கேளுங்கள்.

அலுவலகத்தில் கொடுத்த லேப்டாப் என்றால் கதை வேறு. அங்கே கீ நிறுவனத்தின் டைரக்டரியில் இருக்கும், ஐடி ஆட்களிடம் கேட்டால் போதும்.

வேளச்சேரி_வாசி:

இழையைக் கடத்துவதாக நினைக்க வேண்டாம், என்னுடையதும் இதே வகைதான். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு பிட்லாக்கர் போட்டு, கீயை பிரின்ட் எடுத்து ஃபைலில் வைத்திருந்தேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்த அலமாரி முழுக்க நனைந்துவிட்டது. டிஸ்க் மாடியில் இருந்ததால் பிழைத்தது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது. இன்க்ஜெட் பிரின்ட் என்பதால் மை ஓடி, இரண்டு இடங்களில் எண் தெரியவில்லை. ஒரு தொகுதியில் 31, அப்புறம் ஒரு நீலக் கறை, அப்புறம் 482. இன்னொன்றில் முதல் எண் 0-வா, 6-ஆ, 8-ஆ என்று தெரியவில்லை, மீதி 24030. மற்ற ஆறு தொகுதிகளும் தெளிவாக இருக்கின்றன. கணக்குப் பார்த்தால் 30 சேர்க்கைகள் வருகின்றன, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழி இருக்கிறதா?

பெங்குவின்_பெருங்குடி:

வாசி, ஒன்றைக்கூட முயற்சி செய்ய வேண்டாம், காகிதத்திலேயே முடியும். இது பலருக்குத் தெரியாத விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

48 இலக்கம் என்பது 6 இலக்கம் கொண்ட 8 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் ஒரு 16 பிட் எண்ணை 11-ஆல் பெருக்கியது. அதாவது சரியான தொகுதி எதுவானாலும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். தப்பாக எழுதினால் மாட்டிக்கொள்வதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 65535, அதை 11-ஆல் பெருக்கினால் 720885. ஆகவே எந்தத் தொகுதியும் 8-லோ 9-லோ தொடங்கவே முடியாது.

பள்ளியில் படித்த 11-இன் விதிதான்: இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் 0 அல்லது 11-இன் மடங்கு வர வேண்டும். உங்கள் முதல் தொகுதி: 3 கழித்தல் 1 கூட்டல் கறை கழித்தல் 4 கூட்டல் 8 கழித்தல் 2. கறையை விட்டால் 4 வருகிறது. 11 ஆக வேண்டுமென்றால் கறை 7. வேறு எந்த இலக்கமும் பொருந்தாது. 317482-ஐ 11-ஆல் வகுத்தால் 28862, மீதி இல்லை.

இரண்டாவது: முதல் எண்ணை விட்டுவிட்டு 2-ஐக் கழித்து, 4-ஐக் கூட்டி, 0-வைக் கழித்து, 3-ஐக் கூட்டி, 0-வைக் கழித்தால் 5. ஆக முதல் எண் 6. 624030.

ஒரு தொகுதியில் ஒரு இலக்கம் போனால் இப்படி ஒரே விடைதான் வரும். ஒரே தொகுதியில் இரண்டு இலக்கம் போயிருந்தாலும் அதிகபட்சம் 10 விடைகள்தான். ஒரு தொகுதி முழுக்கக் கரைந்திருந்தால் 65536, அப்போது கையால் ஆகாது.

பொதுவில் இரண்டு தொகுதிகளைப் போட்டதோடு நிறுத்தினீர்களே, அந்த மட்டும் நல்லது. மற்ற ஆறையும் யாரும் கேட்டால் தனிச்செய்தியிலும் கொடுக்காதீர்கள்.

வேளச்சேரி_வாசி:

திறந்துவிட்டது! இரண்டு வருடமாகச் சும்மா கிடந்த டிஸ்க். ஏழாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். உங்களுக்கு அடையாறு பக்கம் எங்கே பார்த்தாலும் காபி என் கணக்கு, பெங்குவின்.

மாம்பலம்_கணக்கர்:

நீலத்திரை சார், நீங்கள் சொன்னது அப்படியே. அக்கா பையன்தான் வாங்கிய அன்றைக்கு செட்டப் செய்து கொடுத்தான், ஏதோ கேம் போடுவதற்காகத் தன் கணக்கில் நுழைந்திருக்கிறான். அவன் இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறான். போனில் பார்க்கச் சொன்னேன், கீ ஐடி பொருந்துகிறது. அனுப்பிவிட்டான்.

நீலத் திரையில் போட்டேன், ஏற்றுக்கொண்டது. ஆனால் விண்டோஸ் வரவில்லை. "ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்று சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. இப்போதாவது பூட் டிஸ்க் உதவுமா?

நீலத்திரை:

இப்போதுதான் அதற்கு வேலையே வருகிறது. அப்டேட் பாதியில் நின்றதில் விண்டோஸ் குலைந்திருக்கிறது, ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. திரையில் "ரீசெட்" என்று ஒரு வழி காட்டும், அதைத் தொடாதீர்கள். டேட்டா வெளியே வந்த பிறகு எதை வேண்டுமானாலும் அழுத்துங்கள்.

நண்பர் கொடுத்த பென்டிரைவில் எஸ்எஸ்டி தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் இன்டெல் விஎம்டி, எஸ்எஸ்டிகளை நிர்வகிக்கும் ஒரு வசதி. 11-ஆம் தலைமுறை பிராசசரிலிருந்து நிறைய லேப்டாப்புகளில் எஸ்எஸ்டி அதன் பின்னால் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் பிஇ-யில், அதாவது பென்டிரைவிலிருந்து ஓடும் குட்டி விண்டோஸில், அந்த டிரைவர் இல்லாவிட்டால் டிஸ்க் இல்லாத லேப்டாப் போலவே நடந்துகொள்ளும். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கு ஸ்டோரேஜ் டிரைவர் கிடைக்கும். அதை விரித்து, ஐஎன்எஃப் ஃபைல் இருக்கும் ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். பூட் ஆனதும் கமாண்ட் பிராம்ப்டில் டிரைவ்லோட் கட்டளைக்கு அந்த ஐஎன்எஃப் ஃபைலைக் காட்டினால் எஸ்எஸ்டி தலைகாட்டும்.

அடுத்து மேனேஜ்-பிடிஇ, பிட்லாக்கருக்கான கட்டளை. அதில் ஸ்டேட்டஸ் கேட்டால் எந்த எழுத்தில் எந்த டிரைவ் இருக்கிறது என்று காட்டும். பிஇ-யில் எழுத்துகள் மாறிவிடும், உங்கள் சி அங்கே டி-யாகவோ ஈ-யாகவோ இருக்கலாம். அப்புறம் அன்லாக் கட்டளையில் ரெகவரி பாஸ்வேர்டு என்ற இடத்தில் 48 இலக்கத்தையும் நடுவில் சிறு கோடுகளோடு கொடுங்கள். டி டிரைவுக்குத் தனி கீ, அதுவும் அக்கா பையனின் பட்டியலில் வேறு ஐடியோடு இருக்கும்.

நண்பரின் பென்டிரைவில் மேனேஜ்-பிடிஇ இல்லையென்றால் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ் ஒன்று தயார் செய்யுங்கள். முதல் திரையில் ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட் வரும், அதில் இருக்கிறது. "இன்ஸ்டால்" பக்கம் மட்டும் போகாதீர்கள்.

சிந்தாதிரி_சோல்டரிங்:

அடிக்கடி இந்த வேலை பார்க்கிறவர்கள் சொந்தமாகவே ஒரு பூட் டிஸ்க் செய்து வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்பி காலத்தில் பார்ட்பிஇ வைத்துச் செய்ததுதான், இப்போது மைக்ரோசாஃப்டே கருவி தருகிறது. ஏடிகே என்ற கருவித் தொகுப்பு, அதோடு விண்டோஸ் பிஇ ஆட்-ஆன் இரண்டையும் இறக்கி, காப்பிபிஇ கட்டளையில் ஃபோல்டர் உண்டாக்கி, டிஸ்ம் கட்டளை வைத்து அதில் இருக்கும் பிஇ இமேஜைத் திறக்க வேண்டும். அதில் முதலில் டபிள்யூஎம்ஐ பேக்கேஜ், பிறகு செக்யூர்ஸ்டார்ட்டப் பேக்கேஜ். இரண்டாவது இல்லாமல் பிட்லாக்கரைப் பற்றி அந்த பிஇ-க்கு எதுவும் தெரியாது, முதலாவது இல்லாமல் இரண்டாவது ஏறாது. இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். என் பென்டிரைவில் இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவர்களையும் உள்ளேயே போட்டுவிட்டேன், கஸ்டமர் எதிரில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்று, விண்டோஸ் பிஇ 72 மணி நேரம் தொடர்ந்து ஓடினால் தானே ரீஸ்டார்ட் ஆகிவிடும். உங்கள் எஸ்எஸ்டிக்கு அது பிரச்சினை இல்லை. தடுமாறுகிற 4 டிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்குவின்_பெருங்குடி:

இவ்வளவு சுற்றா? லினக்ஸ் லைவ் பென்டிரைவில் விஎம்டி டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. லினக்ஸின் கிரிப்ட்செட்டப் கருவி 2020-ல் வந்த 2.3 பதிப்பிலிருந்தே பிட்லாக்கரைத் திறக்கும். பழைய பதிப்பென்றால் டிஸ்லாக்கர் இருக்கிறது. ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்தால் டிஸ்க்கில் ஒரு பைட் மாறாது. பிஇ-யில் அந்த நிம்மதி கிடையாது.

அதைவிட முக்கியம், மின்சாரம் ஏறி இறங்கிய மெஷின் இது. எஸ்எஸ்டிக்கும் அடி விழுந்திருக்கலாம். நானாக இருந்தால் முதலில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவியை வைத்து முழு டிஸ்க்கையும் அப்படியே வேறொரு டிஸ்க்கில் இமேஜ் எடுத்துவிட்டு, கீயை அந்த இமேஜில் போட்டுத் திறப்பேன். பூட்டியபடியே நகல் எடுக்கலாம், அதற்குக் கீகூட வேண்டாம்.

நீலத்திரை:

தடுமாறும் டிஸ்க்குக்கு நீங்கள் சொல்வதுதான் வழி, மறுக்கவில்லை. இங்கே கீ போட்டதும் உடனே ஏற்றுக்கொண்டு ரிப்பேர் திரை வரை ஓடியிருக்கிறது, எஸ்எஸ்டி நலமாகவே தெரிகிறது. ஆடிட் கெடு தலைக்கு மேல் இருக்கும் மனிதரிடம் லினக்ஸ் டெர்மினலைக் கொடுத்து, இலக்கு டிஸ்க்கை மாற்றி அடித்துவிட்டால்? ஃபோர்ஸ் சுவிட்சைக் கொடுத்துவிட்டால் அந்தக் கட்டளை கேள்வி கேட்காமல் மேலே எழுதிவிடும்.

பெங்குவின்_பெருங்குடி:

அது நியாயம்தான். ஆனாலும் காப்பி நடுவில் ரீட் எரர் ஒன்றே ஒன்று வந்தாலும் நிறுத்திவிட்டு இமேஜுக்கு வாருங்கள். பிட்லாக்கரின் சொந்தத் தகவல் பகுதியே கெட்டிருந்தால் ரிப்பேர்-பிடிஇ என்று ஒன்று இருக்கிறது. டிஸ்க்கில் அந்தப் பகுதிக்கு மூன்று நகல்கள் உண்டு, அவற்றில் ஒன்று பிழைத்திருந்தாலும் அதை வைத்து இன்னொரு டிஸ்க்கில் திறந்து எழுதும். அந்த இன்னொரு டிஸ்க்கில் இருப்பது முழுக்க அழியும், அதனால் காலியானதை மாட்டுங்கள்.

புதுசு_கண்ணா_புதுசு:

அண்ணே, கம்பெனி விட்டு வரும்போது லேப்டாப் என்னிடமே இருக்கிறது. பிட்லாக்கர் கேட்கிறது. அதற்கு ஏதாவது பூட் டிஸ்க் இருக்கா?

நீலத்திரை:

தம்பி, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது உங்கள் சொந்தப் போட்டோக்கள் உள்ளே இருக்கின்றன என்று ஐடி ஆட்களிடம் எழுதிக் கேளுங்கள். இங்கே அதற்கு உதவ மாட்டோம்.

மாம்பலம்_கணக்கர்:

விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில், டிரைவ்லோட் கொடுத்ததும் டிஸ்க் வந்துவிட்டது. இரண்டு டிரைவும் திறந்தன. எப்படிக் காப்பி செய்வது? எக்ஸ்ப்ளோரர் இல்லையே.

சிந்தாதிரி_சோல்டரிங்:

நோட்பேட் என்று டைப் செய்யுங்கள் சார். அதில் ஃபைல், ஓப்பன் போய், கீழே "எல்லா ஃபைல்களும்" என்று மாற்றினால் அந்தப் பெட்டிக்குள்ளேயே ரைட் கிளிக் செய்து காப்பி, பேஸ்ட் செய்யலாம். டேலி ஃபோல்டரை முதலில் அப்படி எடுத்து எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போடுங்கள், மனது நிற்கும்.

மீதிக்கு விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளை. இரண்டு விஷயம் கட்டாயம். ஆர் என்ற சுவிட்சையும் டபிள்யூ என்ற சுவிட்சையும் 1 என்று வையுங்கள். வைக்காவிட்டால் படிக்க முடியாத ஒரு ஃபைலை 30 விநாடிக்கு ஒரு தடவை என்று பத்து லட்சம் தடவை முயற்சி செய்யும், அதுதான் அதன் வழக்கம். அப்புறம் எக்ஸ்ஜே. யூசர் ஃபோல்டருக்குள் தன்னையே சுட்டும் குறுக்குவழிகள் இருக்கின்றன, எக்ஸ்ஜே இல்லாவிட்டால் அதற்குள் போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மாம்பலம்_கணக்கர்:

முடிந்தது. டேலியை அலுவலகத்தில் இருக்கும் இன்னொரு மெஷினில் போட்டுத் திறந்தேன், கடைசி நாள் போட்ட வவுச்சர் வரை இருக்கிறது. ரீட் எரர் எதுவும் வரவில்லை. இனி லேப்டாப்பில் விண்டோஸை மறுபடி போடலாமா? என்க்ரிப்ஷனை ஆஃப் செய்துவிடட்டுமா?

நீலத்திரை:

தாராளமாகப் போடுங்கள். ஆஃப் செய்யாதீர்கள், கிளையன்ட்டுகளின் பான் எண், வங்கி விவரம் எல்லாம் இருக்கிற லேப்டாப் மாநகரப் பேருந்தில் தொலைந்தால் அதுதான் காப்பாற்றும். உங்கள் கணக்கிலேயே செட்டப் செய்யுங்கள். கீயை பிரின்ட் எடுத்து அலுவலக பீரோவில் ஒன்று, வீட்டில் ஒன்று வையுங்கள். லேசர் பிரின்ட், வாசியின் கதையைப் படித்தீர்களே. பேக்கப் வேறொரு டிஸ்க்கில், டி டிரைவ் கணக்கில் சேராது. பயாஸ் அப்டேட் செய்யும் முன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துகொண்டால் கீ கேட்காது.

குரோம்பேட்டை_குமரி:

ஒரு சின்னக் கேள்வி. எங்கள் வீட்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் யுஎஸ்பி முனை உடைந்துவிட்டது. கேஸைப் பிரித்து டிஸ்க்கை மட்டும் எடுத்து டெஸ்க்டாப்பில் மாட்டினால் ஃபார்மட் செய்யச் சொல்கிறது. பாஸ்வேர்டு எதுவும் போட்டதில்லை. இதற்கும் கீ இருக்குமா?

சிந்தாதிரி_சோல்டரிங்:

அக்கா, ஃபார்மட் கொடுத்துவிடாதீர்கள். சில மாடல்களில் யுஎஸ்பி முனை இருக்கும் சின்ன போர்டே எல்லாவற்றையும் என்க்ரிப்ட் செய்துதான் எழுதும், பாஸ்வேர்டு போட்டாலும் போடாவிட்டாலும். டிஸ்க்கை மட்டும் மாட்டினால் குப்பையாகத்தான் தெரியும், எந்த பூட் டிஸ்க்காலும் ஆகாது. அதே போர்டில் புது முனையை சோல்டர் செய்து, பழையபடி டிஸ்க்கை அதில் மாட்டினால் வந்துவிடும். அந்தக் குட்டி போர்டு இருக்கிறதா, கேஸோடு போட்டுவிட்டீர்களா?

குரோம்பேட்டை_குமரி:

இருக்கிறது, பையன் ஸ்கூல் பிராஜெக்டுக்கு எடுத்து வைத்திருக்கிறான். இப்போதே பிடுங்கிவிடுகிறேன்.